ஒன்பது கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு பள்ளி: மாவட்ட நிர்வாகத்துக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்டத் தலைவர் அவர்களுக்கும் மாவட்டக் கல்வித் துறைத் தலைவர் அவர்களுக்கும்,

வரும் ஜூலையில் தொடங்கும் கல்வியாண்டு முதல் இந்தோனேசியாவின் வடக்கு சுமத்ராவில், தாபானுலி மலைநாட்டில் இருக்கும் எங்கள் ஊரின் அரசு தொடக்கப்பள்ளி மூடப்பட்டு, பள்ளத்தாக்குக்கு அப்பால் சாலையோரத்தில் இருக்கும் பெரிய பள்ளியோடு இணைக்கப்படும் என்று தங்கள் அலுவலகம் ஒற்றைப் பக்கக் கடிதம் ஒன்றில் தெரிவித்திருக்கிறது. மாணவர் எண்ணிக்கை குறைந்துவிட்டது, நிரந்தர ஆசிரியர் எவரும் இங்கே தங்குவதில்லை, ஒரு மாணவருக்கு ஆகும் செலவு அதிகம் என்று மூன்று காரணங்களை அக்கடிதம் சொல்கிறது. மூன்றும் உண்மைதான். ஆனால் இந்நிலை எப்படி வந்தது என்பது பற்றியோ, பள்ளி மூடப்பட்டால் அடுத்து என்ன நடக்கும் என்பது பற்றியோ அதில் ஒரு வரிகூட இல்லை. ஊர்ப் பெரியவர்களைக் கேட்காமலும், ஓர் அதிகாரியாவது அந்தப் பாதையில் நடந்து பார்க்காமலும் எடுக்கப்பட்ட இம்முடிவைத் திரும்பப் பெற வேண்டும் என்று கேட்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் இப்பள்ளியில் தொகுப்பூதிய ஆசிரியை. மாகாணத் தலைநகர் மேடானில் பிறந்த தமிழ்ப் பெண். என் முன்னோர் அந்நகரைச் சூழ்ந்த தெலிப் பகுதியின் புகையிலைத் தோட்டங்களுக்கு மாட்டுவண்டி ஓட்ட வந்தவர்கள். இம்மலைநாட்டு மக்களான தோபா பாத்தாக் குடும்பம் ஒன்றில் மணமுடித்ததால், இங்குள்ள வழக்கப்படி குலப்பெயர் ஒன்று எனக்கும் சூட்டப்பட்டது. ஆகவே இவ்வூரில் எனக்கு மாமன்மாரும் உண்டு, அண்ணன்மாரும் உண்டு. இந்தோனேசிய மொழியில் எழுதி ஊரார் கையொப்பமிட்ட மனு தங்கள் அலுவலகத்தின் வரவுப் பதிவேட்டில் ஏறியிருக்கிறது. பதில் வரவில்லை. அம்மனுவை விரித்துத் திறந்த மடலாக்கும்போது தமிழிலும் எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இவ்வூர் பிழைப்பது சாம்பிராணியால். வெள்ளிக்கிழமை மாலைகளிலும், குழந்தைக்குத் தலைக்கு ஊற்றிய பின்னும் தமிழர் வீடுகளில் புகையும் சாம்பிராணியில் ஒரு பங்கு சுமத்ராவின் இந்த மலைகளிலிருந்தே போகிறது. இம்மலைகளுக்குக் கீழே, கற்பூரத்துக்கும் சாம்பிராணிக்கும் பேர்போன பாருஸ் கடற்கரையில், தமிழ் வணிகக் குழுவினர் 1088ஆம் ஆண்டில் பொறித்துவைத்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அவ்வளவு பழைய கொடுக்கல் வாங்கல் உள்ளவர்களுக்கு, அந்தப் பிசினைச் சுரண்டி எடுக்கும் கைகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று தெரிய வேண்டும்.

முதலில் பாதையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் தங்கள் கடிதத்தில் அது "சுமார் ஒன்பது கிலோமீட்டர்" என்ற ஒரே தொடரில் முடிந்துவிடுகிறது. ஊரிலிருந்து இறங்கும் முதல் பகுதியில் மட்டும் சிமெண்டு போடப்பட்டிருக்கிறது. கிராம நிதியில் போட்டது, அகலம் ஒரு மோட்டார் சைக்கிளுக்குப் போதும். அதற்குப் பிறகு செம்மண். மழைக்காலத்தில் அந்த மண் சக்கரத்தை விழுங்கும். இளைஞர்கள் பின்சக்கரத்தில் இரும்புச் சங்கிலி சுற்றித்தான் வண்டியை ஏற்றுகிறார்கள். நடுவில் ஓர் ஆறு. அதன் மேல் இரண்டு மரங்களைக் கிடத்திப் பலகை அறைந்த பாலம். பலகைகளில் சில மாதாமாதம் மாற்றப்படுகின்றன, சில மாற்றப்படுவதில்லை. ஆற்றைக் கடந்தபின் ஏற்றம். ஏழு வயதுக் குழந்தை காலை ஏழரை மணிக்கு வகுப்பில் உட்கார வேண்டுமானால், இருட்டோடு இருட்டாக நாலரை மணிக்குக் கிளம்ப வேண்டும். மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடலாமே என்று தங்கள் அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். விடலாம், மழை பெய்யாத நாளில், வண்டி வைத்திருக்கும் தகப்பன் காட்டுக்குப் போகாத நாளில்.

2025 நவம்பர் கடைசி வாரத்தில் புயல்மழையும் வெள்ளமும் நிலச்சரிவும் அச்சே, வடக்கு சுமத்ரா, மேற்கு சுமத்ரா ஆகிய மூன்று மாகாணங்களைப் புரட்டிப் போட்டன. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தாபானுலி மிக மோசமாக அடிபட்டது. எங்கள் ஊரில் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் நான் சொன்ன அதே ஏற்றத்தில் மலை சரிந்து பாதையை மூடியது; பாலத்தின் ஒரு மரத்தை ஆறு கொண்டுபோயிற்று. அரிசியும் உப்பும் மண்ணெண்ணெயும் ஆட்கள் தலைச்சுமையாகத் தூக்கி வந்துதான் ஊருக்குள் சேர்ந்தன. சரிவை வெட்டி ஒதுக்கியவர்கள் ஊரார். புது மரத்தை இழுத்துப் போட்டவர்களும் ஊரார். அந்தச் சரிவுக்குக் கீழே இன்றும் மண் இளகிக் கிடக்கிறது. அதே இடத்தைத்தான் முதல் வகுப்புக் குழந்தைகள் அன்றாடம் இரண்டு முறை கடக்க வேண்டும் என்று தங்கள் கடிதம் முடிவு செய்திருக்கிறது.

கல்வி அமைச்சகம் 2010இல் வெளியிட்ட குறைந்தபட்சச் சேவைத் தரங்களில், ஒதுக்கமான பகுதிகளில் உள்ள நிலையான குடியிருப்புகளிலிருந்து நடந்து செல்லும் தொலைவில், அதாவது அதிகபட்சம் 3 கிலோமீட்டருக்குள் தொடக்கப்பள்ளியும் 6 கிலோமீட்டருக்குள் இடைநிலைப்பள்ளியும் இருக்க வேண்டும் என்று எழுதப்பட்டது. அதன்பின் வேறு விதிகள் வந்துவிட்டன என்று அதிகாரிகள் சொல்வார்கள். வந்திருக்கலாம், ஆறு வயதுக் குழந்தையின் கால் அதற்கேற்ப நீளவில்லை. ஒன்பது கிலோமீட்டர் என்பது அரசே ஒருகாலத்தில் தாங்கக்கூடியது என்று வரையறுத்த தொலைவைப் போல் மூன்று மடங்கு.

இனி மாணவர் எண்ணிக்கை. ஆறு வகுப்புகளிலும் சேர்த்து இப்போது 31 குழந்தைகள். என் கணவர் படித்த காலத்தில் நூற்றுக்கு மேல் இருந்தார்கள். குடும்பங்களில் பிள்ளைகள் குறைந்தது ஒரு காரணம், அதை மறுக்கவில்லை. ஆனால் எண்ணிக்கை சட்டென்று சரிந்தது, கடைசி நிரந்தர ஆசிரியர் மாற்றல் வாங்கிக்கொண்டு போன பிறகுதான். அவருக்குப் பதிலாக நியமிக்கப்பட்டவரின் பெயர் எங்கள் பள்ளியின் பட்டியலில் இருக்கிறது, சம்பளமும் எங்கள் பள்ளியின் கணக்கில்தான் போகிறது. அவர் மாவட்டத் தலைநகரில் தங்கி, தேர்வுக் காலத்தில் மட்டும் வருகிறார். அவரை நான் குறை சொல்லவில்லை. ஆசிரியர் குடியிருப்பின் கூரை உளுத்துவிட்டது. சின்னக் குழந்தையோடு அங்கே யார் தங்குவார்? மீதமிருப்பவர்கள் தலைமை ஆசிரியரும், நானும், இன்னொரு தொகுப்பூதியக்காரரும். இரண்டிரண்டு வகுப்புகளை ஒரே அறையில் உட்காரவைத்து, ஒரு பக்கக் கரும்பலகையில் கூட்டலும் மறுபக்கக் கரும்பலகையில் பின்னமும் எழுதிப் போட்டுப் பாடம் நடத்துகிறோம். வசதியுள்ள பெற்றோர் தம் பிள்ளைகளைக் கீழே உறவினர் வீடுகளில் விட்டுப் படிக்கவைத்தார்கள். எண்ணிக்கை குறைந்தது. எண்ணிக்கை குறைந்ததால் ஆசிரியர் வரவில்லை. இப்போது ஆசிரியர் இல்லாததையும் எண்ணிக்கை குறைந்ததையும் இரண்டு தனித்தனிக் காரணங்களாகக் காட்டிப் பள்ளியை மூடுகிறீர்கள்.

பணத்தின் கதையும் அப்படியே. பள்ளிகளுக்கான அரசின் நடைமுறைச் செலவு நிதி மாணவர் தலையை எண்ணித் தரப்படுவது. 31 தலைகளுக்கு வரும் பணத்தில், 300 பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு உள்ள அதே கூரையையும், அதே கழிப்பறையையும், அதே கணினிப் பதிவு வேலையையும் நாங்கள் பராமரிக்க வேண்டும். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து 60 மாணவருக்குக் குறைவாக உள்ள பள்ளிகளுக்கு அந்த நிதியே கிடையாது என்று 2021இல் ஒரு விதி போட்டார்கள். முகமதியா உள்ளிட்ட கல்வி அமைப்புகள் கூட்டாக எதிர்த்த பிறகு, அந்த ஆண்டு செப்டம்பரில் அன்றைய கல்வி அமைச்சர் நடீம் மக்கரிம் நாடாளுமன்றக் குழுவின் முன் அது 2022இல் நடைமுறைக்கு வராது என்று அறிவித்தார். அந்த விவாதத்தின்போது ஒதுக்கமான பகுதிகளின் சிறு பள்ளிகளைத் தண்டிக்கக் கூடாது என்பதை எல்லாத் தரப்பும் ஒப்புக்கொண்டதாகவே நாங்கள் நினைத்தோம். ஜகார்த்தா பின்வாங்கிய இடத்தில் மாவட்டம் முன்னேறுவது எதற்காக?

இப்பள்ளியின் சுவரில் இன்னும் மங்கலாகத் தெரியும் எழுத்து, இது அதிபர் ஆணைப்படி கட்டப்பட்ட பள்ளி என்று சொல்கிறது. எண்ணெய் விலை ஏறிய காலத்தில் அந்தப் பணத்தைக் கொண்டு, 1973 முதல் ஐந்தாறு ஆண்டுகளுக்குள் 61,000க்கும் மேற்பட்ட தொடக்கப்பள்ளிகளை இந்தோனேசியா கட்டியது. பள்ளி செல்லாத குழந்தைகள் எங்கே அதிகமோ அங்கே அதிகம் என்பதே அன்றைய கணக்கு. ஏழு முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோரில் பள்ளி சென்றவர்கள் 1973இல் 69 விழுக்காடாக இருந்து 1978இல் 83 விழுக்காடானார்கள். பொருளியல் நோபல் பரிசை 2019இல் பகிர்ந்துகொண்ட எஸ்தர் டுஃப்ளோ, இந்தத் திட்டத்தையே எடுத்து ஆராய்ந்து 2001இல் கட்டுரை வெளியிட்டார். ஊருக்குள் பள்ளி வந்ததால் குழந்தைகள் படித்த ஆண்டுகளும், அவர்கள் வளர்ந்தபின் வாங்கிய கூலியும் கூடின என்பது அவருடைய முடிவு. உலகமெங்கும் பல்கலைக்கழகங்களில் பாடமாக நடத்தப்படும் ஒரு வெற்றி அது. அந்த வெற்றியின் ஒரு செங்கல் எங்கள் ஊரில் நிற்கிறது. அதைத்தான் தாங்கள் பூட்டப் போகிறீர்கள்.

இன்னும் பின்னே போனால், 1860களில் இம்மலைநாட்டின் சிலிண்டுங் பள்ளத்தாக்குக்கு வந்த ஜெர்மன் மதபோதகர் நொம்மென்சனும் அவருக்குப் பின் வந்தவர்களும், குதிரைகூடத் தயங்கும் தடங்களில் ஏறி வந்து ஊருக்கு ஊர் பள்ளி வைத்தார்கள். பாத்தாக் மக்கள் கல்வியின் மேல் கொண்ட பிடிவாதம் அப்போது தொடங்கியது. எருமையை விற்று, வயலை அடகுவைத்து, மகளையும் மகனையும் பட்டப்படிப்புவரை கொண்டுபோகும் பெற்றோர் இங்கே அபூர்வமல்லர். நாட்டின் நீதிமன்றங்களிலும் படையிலும் பல்கலைக்கழகங்களிலும் இம்மலைநாட்டுக் குலப்பெயர்கள் நிறைந்திருப்பது தங்களுக்குத் தெரியாததல்ல. தாங்களே அப்படி ஓர் ஊரிலிருந்து ஏறிப் போனவர்தாம் என்று தேர்தல் மேடையில் எங்களிடம் சொன்னீர்கள்.

இணைப்பால் ஊர் என்ன ஆகும் என்பதற்கு வருகிறேன். இங்கே குடும்பங்கள் வாழும் முறை தெரியாமல் அதைப் புரிந்துகொள்ள முடியாது. ஹமிஞ்சோன் என்று இவர்கள் அழைக்கும் சாம்பிராணி மரம் தோட்டப்பயிர் அல்ல. காட்டு மரங்களுக்கு நடுவே, அவற்றின் நிழலில் வளர்வது. பிசின் எடுப்பவர்கள் திங்கட்கிழமை அரிசியும் கருவாடும் கட்டிக்கொண்டு காட்டுக்குள் போனால், அங்கே சோப்போ என்னும் சிறு குடிலில் தங்கி வேலை செய்துவிட்டு வெள்ளியோ சனியோதான் திரும்புவார்கள். முதலில் அடிமரத்துப் பாசியையும் மேல்தோலையும் சுரண்டி வழவழப்பாக்க வேண்டும். பிறகு உளி போன்ற கத்தியால் பட்டையைச் சிறிதாகக் கீறி, கத்திப் பிடியால் அந்த இடத்தைத் தட்ட வேண்டும். கட்டைக்கும் பட்டைக்கும் இடையே பிசின் ஊறி உறைய இடம் கிடைப்பதற்காக அந்தத் தட்டல். பலமாகத் தட்டினால் பட்டை செத்துப் பிசின் வராது. மெதுவாகத் தட்டினால் பட்டை விலகாது. ஓர் ஆள் உயரம் முடிந்ததும், சர்க்கரைப்பனை நாரில் முறுக்கிய கயிற்றை மரத்தைச் சுற்றிக் கட்டி, அதில் காலூன்றி மேலே ஏறிக் கீறல் போடுகிறார்கள். மூன்று நான்கு மாதம் கழித்துப் போய், பட்டையோடு ஒட்டிப் பால் வெள்ளையாக உறைந்திருக்கும் கட்டிகளைப் பெயர்த்தெடுக்க வேண்டும். பருவத்தின் முதல் கீறலுக்கு முன், மரத்தடியில் அரிசிமாப் பண்டம் வைத்து வேண்டிக்கொள்ளும் வழக்கம் இன்னும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் முதல் வரிசையில் உட்காருபவர்களும் அதை விடுவதில்லை.

ஆண்கள் காட்டில் இருக்கும் நாள்களில் காப்பித் தோட்டமும் வயலும் பன்றியும் பிள்ளைகளும் பெண்கள் பொறுப்பு. காட்டிலிருந்து வந்த பிசினை வீட்டுப் பரணில் உலர்த்தி, பட்டைத் துணுக்கை நீக்கி, பெரிய வெள்ளைக் கட்டி, சிறு கட்டி, பழுப்பேறியது, தூள் என்று தரம் பிரிப்பதும் பெண்களே. தரகர் தரும் விலை இந்தத் தரம் பிரிப்பில்தான் நிற்கிறது. இப்போது ஒன்பது கிலோமீட்டருக்கு அப்பால் பள்ளி என்றால் என்ன செய்வார்கள்? அந்தப் பள்ளி இருக்கும் கீழூரில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தாயும் பிள்ளைகளும் அங்கே போவார்கள். இரண்டு அடுப்பு எரிக்க வேண்டும். காப்பிப் பழம் மரத்திலேயே உதிரும். தரம் பிரிக்காத பிசினைத் தகப்பன் மொத்தமாகத் தரகரிடம் கொட்டிவிட்டு, கேட்ட விலையை வாங்கிக்கொண்டு வருவான். ஓராண்டோ ஈராண்டோ இழுத்துப் பார்த்துவிட்டு அவனும் இறங்கிவிடுவான். பக்கத்து மலையில் இப்படிப் பள்ளி இணைக்கப்பட்ட ஊர் ஒன்று இருக்கிறது. நான் மணமாகி வந்தபோது அங்கே கிறிஸ்துமசுக்குப் பன்றி அடித்துப் பங்கு வைத்ததைப் பார்த்திருக்கிறேன். இன்று நான்கு வீடுகளில் கிழவர்கள் இருக்கிறார்கள்; மருத்துவச்சி தங்கியிருந்த துணை நிலையமும் பூட்டப்பட்டுவிட்டது, "பயனாளிகள் குறைவு" என்று.

ஆள் இறங்கிப் போன மலையில் நிலம் யாருடையது ஆகிறது என்பதையும் பேச வேண்டும், ஏனெனில் பள்ளிக்கும் காட்டுக்கும் தொடர்பில்லை என்று தங்கள் அலுவலகத்தார் நினைப்பதாகத் தெரிகிறது. மரபுவழிக் காடுகள் அரசுக் காடுகள் அல்ல என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2013 மே மாதத்தில் தீர்ப்பளித்தது. எங்களைப் போலவே சாம்பிராணியால் வாழும் பண்டுமான், சிபித்துஹுத்தா ஊர்களின் மக்கள், காகிதக்கூழுக்காக யூகலிப்டஸ் வளர்க்கும் நிறுவனத்துக்கு அரசு தந்த உரிமப் பரப்புக்குள் தங்கள் ஹமிஞ்சோன் காடும் அகப்பட்டதை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் போராடினார்கள், சிறைக்கும் போனார்கள். 2016 டிசம்பர் இறுதியில் ஜகார்த்தா அரண்மனையில் அன்றைய அதிபர் ஜோக்கோ விடோடோ மரபுவழிக் காடுகளை முதன்முறையாக அங்கீகரித்தபோது அவர்களுடைய காடும் அதில் இடம்பெற்றது. அதற்குப் பிறகும் மாவட்ட ஒழுங்குவிதி, எல்லை அளத்தல் என்று இழுபட்டது வேறு கதை. ஆனால் இந்த உரிமைக்கெல்லாம் அடிப்படையான அரசியலமைப்பின் 18பி பிரிவு, மரபுவழிச் சமூகங்கள் உயிரோடு இருக்கும் வரையில்தான் அரசு அவற்றை ஏற்று மதிக்கும் என்று நிபந்தனை போடுகிறது. எங்கள் காட்டுக்கான விண்ணப்பம் இன்னும் தங்கள் மேசையில் இருக்கிறது. பிள்ளைகளும் தாய்மாரும் இல்லாத ஊரில், சமூகம் உயிரோடு இருக்கிறது என்று நாங்கள் யாரைக் கொண்டு நிரூபிப்போம்? இப்படி ஓர் உள்நோக்கத்தோடுதான் பள்ளியை மூடுகிறீர்கள் என்று நான் குற்றம் சாட்டவில்லை. விளைவு அதுவாகத்தான் இருக்கும் என்கிறேன்.

மலைநாட்டுக்கு அரசு வராமலில்லை, பெரிதாக வருகிறது. 2020இல் ஹும்பாங் ஹசுண்டுத்தான் மாவட்டத்து மேட்டுநிலத்தில் உருளைக்கிழங்கும் வெங்காயமும் பூண்டும் விளைவிக்கும் உணவுப் பண்ணைத் திட்டத்தைப் பார்வையிட அதிபரே வந்தார். தொடக்கத்தில் தரப்பட்ட உதவிகள் ஓய்ந்ததும் பல உழவர்கள் நிலத்தைத் தரிசாக விட்டார்கள் என்பது நாளேடுகளில் பலமுறை வந்த செய்தி. 2025 ஜனவரியில் தொடங்கிய இலவசச் சத்துணவுத் திட்டத்தின் சமையற்கூட வண்டி எங்கள் பாதையில் ஏறாது என்பதால், அந்த உணவை எங்கள் பிள்ளைகள் படத்தில்தான் பார்த்திருக்கிறார்கள். நூற்றுக்கணக்கான ஹெக்டேர் திட்டத்துக்குப் பணமிருக்கிறது. ஒரு கூரைக்கும் இரண்டு ஆசிரியருக்கும் இல்லை என்பதைத்தான் நம்ப முடியவில்லை.

மேடானிலும் பத்தாம் தீவிலும் ஜகார்த்தாவிலும் நன்றாக வாழும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளையும் இங்கே ஒரு வார்த்தை கேட்க வேண்டும். குலமூதாதைக்குப் பளிங்குத் தூண்களோடு நினைவுச்சின்னம் எழுப்ப நன்கொடை திரளும் ஊரில், பள்ளிக்கூடக் கூரையில் ஒழுகும் இடத்துக்குக் கீழே வாளி வைத்துப் பாடம் நடக்கிறது. இறந்தவர்களுக்குச் செய்ய வேண்டாம் என்று மருமகளாகிய நான் சொல்ல முடியாது. அரசின் கடமையை அவர்கள் தலையில் ஏற்றுவதும் சரியாகாது. ஆனாலும் மாவட்ட அலுவலகத்தில் அவர்களுடைய குரலுக்குக் கிடைக்கும் மரியாதை எங்கள் குரலுக்குக் கிடைப்பதில்லை. அந்தக் குரலை இப்போது தரலாம்.

பெரிய பள்ளியில் நல்ல நூலகம் இருக்கிறது, வகுப்புக்கு ஓர் ஆசிரியர் இருக்கிறார், இணையம் இருக்கிறது என்று தங்கள் தரப்பில் சொல்லப்படுகிறது. உண்மை. இங்கே ஐந்தாம் வகுப்பின் கணினிவழித் தேசிய மதிப்பீட்டுக்குப் பிள்ளைகளைக் கீழே அழைத்துப் போய், முந்தின இரவு தேவாலயக் கூடத்தில் பாய் விரித்துப் படுக்கவைத்துத்தான் தேர்வு எழுதவைக்கிறோம். மாணவர் விவரத்தைப் பதிவேற்ற நான் மடிக்கணினியோடு கல்லறை மேட்டுக்கு ஏற வேண்டியிருக்கிறது. ஊரில் சிக்னல் வரும் ஒரே இடம் அதுதான். நான்காம் வகுப்பிலும் எழுத்துக்கூட்டிப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் பாத்தாக் பேசி, பள்ளியில் இந்தோனேசிய மொழியில் படிக்கும் பிள்ளைக்கு முதல் இரண்டு ஆண்டுகள் தனிக் கவனம் வேண்டும், இரண்டு வகுப்பை ஒன்றாக மேய்க்கும் என்னால் அதை முழுதாகத் தர முடிவதில்லை. இக்குறைகள் எவற்றையும் நான் மறைக்கவில்லை. ஆனால் பதினொன்று, பன்னிரண்டு வயதில் விடுதிக்குப் போவது வேறு. ஆறு வயதில் தாயைவிட்டோ ஊரைவிட்டோ போவது வேறு. மேல்வகுப்புகளுக்குக் கீழே போகவேண்டியதை ஊரார் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். தொடக்கக் கல்வியை மட்டுமாவது இங்கேயே தாருங்கள் என்பதே அவர்கள் கேட்பது. எனக்குக் கீழூர்ப் பள்ளியில் இடம் தருவதாகத் தங்கள் அலுவலகம் சொன்னது. தனிப்பட்ட முறையில் அது எனக்கு இலாபம். சம்பளம் ஒழுங்காக வரும். அதை முன்வைத்து நான் அமைதியாக இருப்பேன் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ஆகவே ஊர் மன்றத்தில் பேசி முடிவு செய்தபடி கீழ்க்கண்டவற்றைக் கேட்கிறோம்.

பள்ளி இணைப்பு ஆணையை வரும் கல்வியாண்டுக்கு நிறுத்திவையுங்கள். நிறுத்திவைத்த காலத்தில், கல்வித் துறைத் தலைவரோ அவர் அனுப்பும் பொறுப்பான அதிகாரியோ, மழை பெய்யும் மாதம் ஒன்றில், எங்கள் ஊரில் ஓர் இரவு தங்கி, மறுநாள் விடியுமுன் முதல் வகுப்புப் பிள்ளைகளோடு அந்த ஒன்பது கிலோமீட்டரையும் நடந்து பார்த்து அறிக்கை எழுதட்டும். அந்த அறிக்கையை ஊர் மன்றத்தில் படித்துக் காட்ட வேண்டும்.

எங்கள் பள்ளியை ஒதுக்கமான பகுதியின் சிறப்புப் பள்ளியாக வகைப்படுத்தக் கோரி அமைச்சகத்துக்கு மாவட்டம் பரிந்துரை அனுப்ப வேண்டும். பட்டியலில் மட்டும் இருக்கும் நியமனத்தை நீக்கி, ஊரில் தங்கச் சம்மதிக்கும் இரண்டு ஆசிரியர்களை அந்தச் சம்பளக் கணக்கிலும் காலியிடத்திலும் அமர்த்துங்கள். இம்மலைநாட்டிலேயே பிறந்து ஆசிரியப் பயிற்சி முடித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் இளைஞர்களுக்கு முன்னுரிமை கொடுங்கள், அவர்கள் தங்குவார்கள். ஆசிரியர் குடியிருப்பின் கூரைக்கு மரமும் ஆள்வேலையும் ஊர் தரும். தகரமும் ஆணியும் சிமெண்டும் மாவட்டம் தர வேண்டும். பல வகுப்புகளை ஒன்றாக நடத்தும் முறையில் எங்களுக்கு முறையான பயிற்சி ஒருமுறைகூடத் தரப்படவில்லை. விடுமுறையில் அதற்கு ஏற்பாடு செய்யுங்கள்.

ஆற்றின் மேல் இரும்புப் பாலம், சரிவுக்குக் கீழே தடுப்புச்சுவர் ஆகிய இரண்டையும், பள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும், அடுத்த நிதியாண்டின் வரவுசெலவுத் திட்டத்தில் சேர்க்க வேண்டும். கர்ப்பிணிகளும் அந்த வழியில்தான் கீழே இறங்குகிறார்கள்.

எல்லாவற்றையும் பார்த்த பிறகும் இணைப்பே சரி என்று தாங்கள் முடிவெடுத்தால், விடுதியும், அதில் தாயின் இடத்தில் இருந்து கவனிக்க ஒரு காப்பாளரும், உணவுச் செலவும், வாரமொருமுறை பிள்ளைகளைப் பாதுகாப்பாக ஊருக்கு அழைத்துவரும் ஏற்பாடும் முதலில் நடைமுறைக்கு வரட்டும். அதன்பிறகு பூட்டைக் கொண்டுவாருங்கள். பூட்டு முதலில், விடுதி பின்னால் என்ற வரிசையைப் பக்கத்து மலையில் பார்த்துவிட்டோம்.

எங்கள் ஹமிஞ்சோன் காட்டுக்கான விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது, என்ன ஆவணம் குறைகிறது, யாருடைய கையொப்பத்துக்காகக் காத்திருக்கிறது என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

இவை ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை என்ற பதிலை, மறுப்பதானால் அதற்கான காரணத்தோடு, மே மாத இறுதிக்குள் ஊர்த் தலைவர் பெயருக்கு எழுத்துமூலம் அனுப்புங்கள். ஜூனில் மாணவர் சேர்க்கைப் பதிவு தொடங்கிவிடும். கீழூரில் அறை பார்ப்பதா வேண்டாமா என்று பெற்றோர் அதற்குள் முடிவெடுத்தாக வேண்டும்.

இப்படிக்கு,
தொகுப்பூதிய ஆசிரியை,
அரசு தொடக்கப்பள்ளி,
தாபானுலி மலைநாடு, வடக்கு சுமத்ரா